மீட்டர் பெட்டிக் குருவியின் உத்தரவு

பல்லடத்திலிருந்து கள்ளிமேட்டுப்புதூருக்கு ஒரே ஒரு டவுன் பஸ். காலையில் ஒரு தரம் வரும், சாயங்காலம் ஒரு தரம் வரும், டிரைவருக்கு மனசிருந்தால் மத்தியானமும் வரும். அப்படிப்பட்ட ஊரில் அன்று நூற்றுப் பதினேழு கார்கள் நின்றன. எண்ணியவர் டீக்கடை சுப்பண்ணன். அடுப்பில் பால் பொங்கி வழிந்ததைக்கூடப் பார்க்காமல் எண்ணினார்.

அத்தனை காரும் ஒரு குருவியைப் பார்க்க வந்தவை.

மயில் இல்லை, கருடன் இல்லை. சிட்டுக்குருவி. ஊர்க் கடைசியில், ஓட்டம் நின்றுபோன ஒரு தறிக்கூடத்தின் பின்சுவரில் பழைய மீட்டர் பெட்டி ஒன்று தொங்குகிறது. மீட்டரைக் கழற்றிக்கொண்டு போய் ஏழு வருஷம் ஆகிறது. கரண்ட் போன பெட்டிக்குச் சக்தி வந்துவிட்டது என்று ஊர் நம்பியது. அதற்குள் கூடு கட்டிய குருவி காங்கேயத்துக்காரருக்குப் போர்வெல் இடம் சொன்னது, அவிநாசிக்காரருக்கு மருமகளைத் தேர்ந்தெடுத்தது, திருப்பூர் பனியன் கம்பெனிக்காரருக்கு விசா வருமா என்று சொன்னது. தனக்கு ஒரு வைக்கோல் துண்டு வேண்டுமென்றால் நாள் முழுக்க அலைகிற பறவை அது. அதனிடம் அமெரிக்காவுக்கு வழி கேட்டார்கள்.

குருவிக்குப் பேச்சு வராதல்லவா. அதற்காகப் பேசுகிறவர் குருவிச்சாமி. இயற்பெயர் ரங்கராஜ். வயது ஐம்பதுக்குள். காவி வேட்டி, தோளில் பச்சைத் துண்டு, சட்டைக் காலரில் செருகிய சின்ன மைக். பன்னிரண்டு வருஷம் மலையில் தவம் இருந்தவர் என்று சொன்னார்கள். எந்த மலை என்று ஒருத்தரும் கேட்கவில்லை. கேட்டால் மரியாதைக் குறைவு.

நான்கு மாசத்துக்கு முன்னால் இந்தத் தறிக்கூடத்தை வாடகைக்குப் பிடித்தவர், ஒருநாள் மீட்டர் பெட்டிக்குள் கையை விட்டுக் கூட்டை எடுத்துத் தாம்பாளத்தில் பரப்பினார். ஒரு துண்டு மஞ்சள் கயிறு. மாத்திரை அட்டையின் வெள்ளித் தகடு. இயர்போன் ரப்பர் ஒன்று. முகக்கவசத்தின் நாடா. பல் துலக்கும் பிரஷ்ஷின் நாலு மயிர். பிராய்லர் கோழி இறகு. விசைத்தறிக்கும் கோழிப்பண்ணைக்கும் நடுவில் குடியிருக்கிற குருவியின் கூட்டில் வேறென்ன இருக்கும், வைரமா? ஆனால் குருவிச்சாமி ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டிப் பலன் சொன்னார். மஞ்சள் கயிறென்றால் கல்யாணம். மாத்திரைத் தகடென்றால் வியாதி. கோழி இறகென்றால் முட்டை விலை ஏறும்.

அந்த வாரம் முட்டை விலை ஏறியது.

பண்ணைக்காரர் தம்பிதுரை மீசை துடிக்க அதைச் சொல்லி ஒரு வீடியோ போட்டார். பின்னணியில் உடுக்கைச் சத்தம். லட்சம் பேர் பார்த்தார்கள். அடுத்த வாரம் முட்டை விலை இறங்கியது. இறங்கினதற்கு யாரும் வீடியோ போடவில்லை.

இந்த ஊரில் அதே தெருவில் எட்டுத் தறி வைத்திருப்பவர் சுந்தரராஜுலு. அவர் மனைவி கோமளா. இரண்டு கண்ணிலும் புரை. எதிரே வருவது ஆளா அலமாரியா என்பது அது பேசினால்தான் அவளுக்குத் தெரியும். போன வாரம் வாசலில் இறக்கி வைத்திருந்த கேஸ் சிலிண்டரைப் பார்த்து, "வாங்க, உள்ள வந்து உக்காருங்க, காப்பி வெக்கறேன்" என்று சொல்லிப்போட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

ஆனால் தறி ஓட்டுவதில் மட்டும் குறையில்லை. பதினெட்டு வயதில் தறிக்கூடத்துக்குள் வந்தவள். நூல் அறுந்தால் சத்தத்தில் தெரியும். அறுந்த இடம் விரலில் தெரியும்.

மகள் ஷ்ரவ்யா கோயமுத்தூரில் வேலையில் இருக்கிறாள். கண் ஆஸ்பத்திரியில் அவள்தான் நாள் வாங்கியிருந்தாள். மூன்றாவது நாள் வருகிற வெள்ளிக்கிழமை; முதல் இரண்டும் தள்ளிப்போயின. காரணம் குருவி.

"சாமி மறுபடியும் தடைன்னு சொல்லிப்போட்டாருங்களா?" என்று கேட்டாள் கோமளா. அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. தறிகள் சாப்பாட்டு நேரத்துக்கு நின்றிருந்தன.

"சாமி எங்க சொன்னாரு. குருவி சொல்லுச்சு." சுந்தரராஜுலு தட்டைப் பார்த்துக்கொண்டே பேசினார். "சிவப்பு நூலை எடுத்தா போகலாம்னு உத்தரவு. வெள்ளைய எடுத்தா தடை. இன்னைக்கும் வெள்ளையத்தான் எடுத்துச்சு."

"மூணாவது தரம்."

"மூணாவது தரம்தான். என்ன பண்றது கோமளா. அஞ்சு கோன் நூல் காணிக்கை வெச்சு ஒரு கூடு சாந்தி பண்ணினா தடை விலகுமாம்."

"போன தரம் மூணு கோன். அதுக்கு முன்னால ரெண்டு கோன். குருவிக்கு இத்தனை நூல் எதுக்குங்க, அது என்ன மில்லா வெக்கப்போகுது?"

அவர் சோற்றைத் திரும்பத் திரும்பப் பிசைந்தார். "வெள்ளிக்கிழமை வேண்டாம்னு ஷ்ரவ்யாகிட்டச் சொல்லிப்போடலாம்" என்றார்.

"டாக்டரு இதுக்கு மேல தள்ளக்கூடாதுன்னு சொல்லிட்டாருங்க. புரை முத்திப்போச்சு, அழுத்தம் ஏறுச்சுன்னா இருக்கற வெளிச்சமும் போயிருமாம்."

"எங்க அண்ணனும் சின்ன ஆபரேஷன்னுதான் போனாரு."

அதுதான் விஷயம். சுந்தரராஜுலு பேராசைக்காரர் இல்லை, மூடரும் இல்லை. பயந்தவர். அண்ணன் குடலிறக்கத்துக்கு ஆஸ்பத்திரிக்குப் போய் வெள்ளைத் துணியில் திரும்பி வந்ததைப் பார்த்தவர். மனைவி கண்ணில் கத்தி வைக்கப்போகிறார்கள் என்று நினைத்தாலே அவருக்குச் சோறு இறங்கவில்லை. அந்தப் பயத்தின் வாசனை குருவிச்சாமிக்குத் தெரு முனையிலேயே வந்துவிட்டது.

"உங்க அண்ணன் ஆபரேஷன்ல சாகலீங்க," என்றாள் கோமளா. "நல்ல நாள் பாத்துப் பாத்துப் பதினெட்டு நாள் தள்ளிப்போட்டாரே, அதுல செத்தாரு."

தட்டு நகர்கிற சத்தம் கேட்டது. அவர் எழுந்து போய்விட்டார்.

தனியாகப் போகலாம்தான். பஸ் போர்டு தெரியாது. மகளை வரச்சொல்லிக் கூட்டிக்கொண்டு போகலாம். ஆனால் இந்த மனுஷன் இங்கே வாசற்படியில் உட்கார்ந்துகொண்டு, கண்ணைத் திறப்பதற்குள் உயிரை விட்டுவிடுவார். கோமளா யோசித்தாள். பிறகு பக்கத்துக் கட்டடத்தில் தையல் கடை வைத்திருக்கிற நஃபீசாவைக் கூப்பிட்டாள்.

"நஃபீசா, நாளைக்கு என்னைய அந்தக் குருவிகிட்டக் கூட்டிட்டுப் போறயா?"

"நீங்களுமாக்கா?"

"என் கண்ணைப் பத்தித்தான பேசுது. நேர்ல கேட்டுப்போடலாம்."

மறுநாள் புதன்கிழமை. தறிக்கூடத்துப் பின்வாசலில் கயிறு கட்டியிருந்தார்கள். கயிற்றுக்கு இந்தப் பக்கம் ஜனம், அந்தப் பக்கம் குருவி. விதிமுறைகள் பலகையில் எழுதியிருந்தன. செருப்பு ஆகாது. பேச்சு ஆகாது. முக்கியமாக, உத்தரவு நூலை யாரும் கையால் தொடக்கூடாது. மனுஷக் கை பட்டால் தீட்டு.

நினைத்துப் பாருங்கள். கூடி நின்றவர்களில் முக்கால்வாசிப் பேர் நூலோடு பிறந்து நூலோடு வளர்ந்தவர்கள். கண்ணை மூடிக்கொண்டு தொட்டால் எந்த நூல், எத்தனையாம் நம்பர் என்று சொல்லக்கூடியவர்கள். அவர்களிடம்தான் தொடாதே என்றார். அவர்களும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

வழிமுறை இதுதான். டோக்கன் வாங்கும்போதே என்ன கேள்வி என்று எழுதிக்கொண்டு, வாழையிலைத் துண்டில் மடித்த ஒரு பொட்டலம் தருவார்கள். அதற்குள் சிவப்பு நூல் ஒரு கொத்து, வெள்ளை நூல் ஒரு கொத்து. முறை வரும்போது பொட்டலத்தைத் தாம்பாளத்தில் வைத்துக் கேள்வியைச் சொல்ல வேண்டும். சாமி ஓர் இடுக்கியால் நூலை எடுத்து, மீட்டர் பெட்டிக்கு முன்னால் கட்டிய கொடியில் கிளிப் மாட்டுவார். குருவி வரும். ஒன்றை எடுக்கும். எடுத்தது உத்தரவு.

"யாரு, தறிக்காரர் ஊட்டு அம்மணியா," என்றது மைக். "கண்ணுக்குத்தான வந்திருக்கறீங்க. கண்ணு தெரியலைன்னு வருத்தப்படாதீங்க. நம்பிக்கை இருந்தா இங்க எல்லாருக்கும் பார்வைதான்."

"சரிங்க சாமி," என்று கோமளா தாம்பாளத்தைத் தேடிக் கையை நீட்டினாள். தாம்பாளம் இருந்த இடம் வேறு, அவள் நினைத்த இடம் வேறு. பொட்டலம் அவிழ்ந்து, கை நேராக நூலின் மேல் விழுந்தது.

"கைய எடுங்க அம்மணி, கைய எடுங்க."

"தெரியலீங்க சாமி, மன்னிச்சுக்குங்க."

எடுத்துவிட்டாள். ஆனால் நாற்பது வருஷம் நூலைத் தொட்ட விரலுக்கு அவ்வளவு நேரம் தேவையில்லை. வெள்ளை, தறியில் குறுக்கே ஓடும் ஊடை நூல். பஞ்சு மாதிரி. சிவப்பு, நெடுக்கே ஓடும் பாவு நூல். அறுந்துபோகாமல் இருக்கப் போடுகிற கஞ்சி காய்ந்து கம்பி மாதிரி விறைத்திருந்தது. கொத்து முழுக்க ஒட்டிக்கொண்டு ஒரே குச்சியாக இருந்தது.

தீட்டுக்குப் பரிகாரமாகச் சாமி நூலின் மேல் மூன்று முறை ஊதினார். குருவி வந்தது. சிவப்பைக் கொத்தியது, இழுத்தது, வரவில்லை. வெள்ளையை உருவிக்கொண்டு பெட்டிக்குள் போனது.

"தடை," என்றது மைக் துக்கத்தோடு. பின்னாலேயே வந்து கூட்டத்தில் நின்றிருந்த சுந்தரராஜுலு தலையில் கை வைத்துக்கொண்டார். கோமளா நஃபீசாவின் பக்கம் சாய்ந்தாள். அவள் காதில், "அந்தச் செவுத்துக்குக் கீழ உதுந்து கெடக்கற நூலை ஒரு பிடி அள்ளிக்க" என்றாள்.

வீட்டுக்கு வந்து அந்தப் பிடியை மடியில் வைத்து ஒவ்வொன்றாக உருட்டிப் பார்த்தாள். சிவப்பும் இருந்தது, வெள்ளையும் இருந்தது. நஃபீசாதான் நிறத்தைச் சொன்னாள். அத்தனையும் விறைத்த நூல். மெதுவானது ஒன்றுகூட இல்லை.

"இதெல்லாம் குருவி வேண்டாம்னு விட்டதாக்கா?"

"வேண்டாம்னு விடல நஃபீசா. இழுக்க முடியலைன்னு விட்டது. கூட்டுக்குள்ள மெத்தை போடறதுக்குக் கம்பிய யாராச்சும் தூக்கிட்டுப் போவாங்களா? அந்தச் சாமி, குருவி எதை எடுக்கோணும்னு நினைக்கிறானோ அது பஞ்சாட்டம். மத்தது கஞ்சி. தம்பிதுரை மாதிரி ஆளு, பண்ணைக்குப் புதுக் குஞ்சு இறக்கலாமான்னு கேட்டா சிவப்பு பஞ்சு. எப்படியும் இறக்கத்தான் போறாரு. எங்க ஊட்டுக்காரரு மாதிரிப் பயந்தவரு கேட்டா வெள்ளை பஞ்சு. வேண்டாம்னு சொன்னாத்தான திரும்பி வருவாரு, கோனோட."

சாயங்காலம் இதைக் கணவரிடம் சொன்னாள். அவர் நூலைத் தொடவில்லை. தீட்டு.

"குருவிக்கு எப்படி கோமளா தெரியும், பாவு எது ஊடை எதுன்னு?"

"தறிக்காரர் உங்களுக்கே தெரியல. அதுக்குத் தெரியுதுங்க."

"நாளைக்கு அஞ்சு கோன் வெச்சுக் கடைசியா ஒரு தரம் கேட்டுப்போடலாம். சிவப்பு வந்தா வெள்ளிக்கிழமை போலாம். வரலைன்னா நீ இதைப்பத்திப் பேசக்கூடாது."

"ஆகட்டுங்க," என்றாள் கோமளா. இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொள்வாள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

வியாழக்கிழமை டோக்கன் எண் அறுபத்திரண்டு. ஐந்து கோனும் பொட்டலமும் கைமாறின. முறை வர ஒரு மணி நேரம் ஆகும். சுந்தரராஜுலு வரிசையில் நின்றார். கோமளாவும் நஃபீசாவும் சுப்பண்ணன் கடை நிழலுக்கு வந்தார்கள். பொட்டலத்தைப் பிரித்தாள். விரலால் பார்த்தாள். சிவப்பு கஞ்சி, வெள்ளை பஞ்சு. அஞ்சு கோன் வாங்கின பிறகும் மனுஷனுக்கு மனசு நிறையவில்லை.

"அண்ணா, ஒரு கிளாஸ் சுடுதண்ணி குடுங்க. நல்லாக் கொதிக்கோணும்."

"டீ வேண்டாங்களா?"

"நூலுக்குத்தானுங்க."

சிவப்பு நூலைச் சுடுதண்ணியில் போட்டு அலசினாள், பிசைந்தாள், தண்ணீர் மாற்றி மறுபடி அலசினாள். கஞ்சி கரைந்து கிளாஸில் பால் மாதிரி வெள்ளையாக நின்றது. பிறகு வெள்ளை நூலை எடுத்தாள்.

"அண்ணா, கம்மங்கூழ் இருக்குதுங்களா?"

"இருக்குதுங்க. மோர் ஊத்தட்டுமா, வெறுங்கூழா?"

"வெறுங்கூழ்," என்றவள் கிண்ணத்தில் நூலை முக்கினாள்.

சுப்பண்ணன் கரண்டியோடு நின்றார். "ஏக்கா, கூழு குடிக்கறதுக்குத்தானுங்க நான் காச்சறேன்."

"கோவிச்சுக்காதீங்க. இதுக்கும் காசு குடுத்தர்றேன்."

கொத்தை விரலால் உருவி ஒட்டவைத்து, இரண்டையும் காங்கேயத்திலிருந்து வந்த ஒரு கறுப்புக் காரின் பானட்டில் போட்டாள். சித்திரை வெயில். கால் மணி நேரத்தில் வெள்ளை நூல் வடாம் ஆகிவிட்டது. சிவப்பு நூல் குழந்தை முடி மாதிரி காற்றில் பறந்தது. அதே இலையில் அதே மடிப்பாக நஃபீசா கட்டினாள். தையல்காரி அல்லவா, கட்டு பிசகவில்லை.

அறுபத்திரண்டு.

சுந்தரராஜுலு கை கூப்பிக் கேட்டார். "நாளைக்கு என் சம்சாரத்துக்குக் கண்ணு ஆபரேஷன். போகலாமுங்களா?" சாமி பொட்டலத்தைப் பிரித்து இடுக்கியால் நூலை எடுத்தார். அவர் வைத்த விதி அவருக்கும் விதி. ஜனத்தின் முன்னால் கையால் தொட முடியாது. தொட்டிருந்தால் தப்பித்திருப்பார்.

குருவி கொடியில் வந்து உட்கார்ந்தது. முதலில் வெள்ளைக்குப் போனது. கொத்தியது. மறுபடி கொத்தியது. கூட்டம் பெருமூச்சு விட்டது. குருவி வெள்ளையை விடாமல் கொத்திக்கொண்டே இருந்தது. இழுக்கவில்லை. சாப்பிட்டது. கம்மங்கூழல்லவா. வயிறு நிறைந்ததும் அலகைக் கொடியில் துடைத்துக்கொண்டு, சிவப்பை ஒரே இழுப்பில் உருவிக்கொண்டு பெட்டிக்குள் போய்விட்டது.

"அதை எடுக்காதே," என்றது மைக்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சாமி வாயை மூடித் திறந்தார். "எடுக்காதேன்னு நேத்து வரைக்கும் இருந்த தடை இன்னைக்கு விலகிப்போச்சு. கூடு சாந்தி பலிச்சிருச்சு."

ஜனம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. சுந்தரராஜுலுவின் கண்ணிலிருந்து தண்ணீர் ஓடியது. "கோமளா, உத்தரவு ஆயிருச்சு. நாளைக்குக் காத்தால முதல் பஸ்ஸுக்கே போலாம்."

இத்தோடு கோமளா வீட்டுக்குப் போயிருக்கலாம். வந்த காரியம் முடிந்தது. கணவர் சம்மதித்துவிட்டார். நஃபீசா கையைப் பிடித்து இழுக்கவும் இழுத்தாள். ஆனால் கோமளாவுக்கு ஒன்று புரிந்தது. நாளைக்குக் கண் தெரிந்தால் டாக்டருக்குப் பேரில்லை, குருவிக்குத்தான் பேர். அடுத்த வாரம் எவனாவது ஒருத்தன் நெஞ்சுவலியோடு வந்து இந்த வரிசையில் நிற்பான். தன் கணவரின் அண்ணன் மாதிரி.

"ஏனுங்க சாமி," என்றாள். "இன்னும் மூணு கேள்வி இருக்குதுங்க."

"ஒரு டோக்கனுக்கு ஒரு கேள்விதான் அம்மணி."

கூட்டத்திலிருந்து தம்பிதுரை குரல் கொடுத்தார். "கேக்கட்டுங்க சாமி. குருவியும் இங்கதான இருக்குது, அது என்ன ஆபீஸ் நேரமா பாக்குது?"

ஜனம் சிரித்து ஆமோதித்தது. நூற்றுப் பதினேழு கார் ஜனத்தை எதிர்க்கச் சாமிக்குத் தைரியம் வரவில்லை. நஃபீசா பையிலிருந்து நூலை எடுத்தாள். தையல் வேலைக்கென்று எப்போதும் அதில் கிடக்கிற மெதுவான சிவப்பு. நேற்றுச் சுவரின் கீழே அள்ளிய பிடியிலிருந்து விறைத்த வெள்ளை. தானே போய்க் கிளிப் மாட்டினாள். சாமி "தீட்டு, தீட்டு" என்றார். குருவிக்கு அது கேட்கவில்லை.

"நம்ம கள்ளிமேட்டுப்புதூர்ல கடல் இருக்குதா?" என்று கேட்டாள் கோமளா.

குருவி வந்தது. சிவப்பு. இருக்கிறது என்று உத்தரவு.

ஜனம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டது. ஒருவர் மெல்ல, "போர்வெல்லுல உப்புத்தண்ணி வருதே, அதைச் சொல்லுதோ என்னமோ" என்றார். நம்பிக்கை என்பது அப்படித்தான். கடலையும் போர்வெல்லுக்குள் இறக்கும்.

"நான் ஆம்பளையா?"

சிவப்பு.

"சுந்தரராஜுலு அண்ணனைத்தான் கேக்கோணும்," என்றார் தம்பிதுரை. அந்தச் சிரிப்பு அடங்க நேரமாயிற்று. சிரித்தவர்கள் பாதிப் பேருக்கு, எதற்குச் சிரிக்கிறோம் என்பது சிரித்த பிறகுதான் உறைத்தது.

"இப்ப மாத்தி மாட்டு நஃபீசா," என்றாள் கோமளா. நஃபீசா அதே பிடியிலிருந்து விறைத்த சிவப்பையும், தன் பஞ்சு வெள்ளையையும் மாட்டினாள். "நம்ம ரங்கராஜ் சாமி யோக்கியருங்களா?"

வெள்ளை.

"குருவி மேல தப்பில்லீங்க," என்றாள் கோமளா. அவளுக்கு ஜனம் ஒரு பெரிய மங்கலான சுவராகத்தான் தெரிந்தது. அந்தச் சுவரைப் பார்த்தே பேசினாள். "அது மெதுவா இருக்கறத எடுக்குது, அவ்வளவுதான். நீங்க எல்லாரும் நூல் தெரிஞ்சவங்க. கொடியில இருக்கறதைத் தொட்டுப் பாருங்க."

"தொடாதீங்க," என்றார் சாமி. "தொட்டவங்க குடும்பத்துக்கு ஆகாது."

ஒருத்தரும் நகரவில்லை. அப்போது கயிறு ஆடியது. சுந்தரராஜுலு அதைத் தாண்டிக்கொண்டிருந்தார். வேட்டி கயிற்றில் மாட்டியது. எடுத்துவிட்டுக்கொண்டு போனார். கொடியில் இருந்த சிவப்பு நூலை இரண்டு விரலால் பிடித்து உருட்டினார். பிறகு சுவரின் கீழே குனிந்து, உதிர்ந்து கிடந்த நூலை எடுத்து உருட்டினார். இன்னொன்று. இன்னொன்று.

நிமிர்ந்தபோது அது பயந்த மனுஷனின் முகமாக இல்லை. சரக்கில் குறை கண்ட தறிக்காரரின் முகமாக இருந்தது.

"பாவு," என்றார். "அதுவும் என்ன கஞ்சி இது. கண்ட மேனிக்குப் போட்டிருக்குது. அளவே தெரியாதவன் போட்ட கஞ்சி."

"அளவு தெரியாதவனா?" மைக் திடுக்கென்று உயர்ந்தது. "யாரைப் பாத்துச் சொல்றீங்க? பன்னெண்டு வருஷம் சைசிங் மில்லுல பாவுக்குக் கஞ்சி காச்சின கை இது. நான் காச்சின கஞ்சியில ஒரு பாவு அறுந்ததா சரித்திரமே இல்ல."

அதைச் சொல்லி முடித்த பிறகுதான் காலரில் மைக் இருப்பது அவருக்கு ஞாபகம் வந்தது. அவசரமாக அணைத்தார். தவம் இருந்த மலை எது என்று இப்போது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. கஞ்சி அண்டாவுக்குப் பக்கத்தில் பன்னிரண்டு வருஷம்.

"இன்னும் ஒண்ணே ஒண்ணு," என்றாள் கோமளா. "நாலு மாசமா இந்தக் குருவி கூடு கட்டுதே. எப்பத்தான் முட்டை வெக்கும்? உங்க ஊட்டுல குருவி கூடு கட்டிப் பாத்ததே இல்லீங்களா?"

தம்பிதுரை கோழிக்காரர். முட்டைக் கணக்கு அவருக்கு உடனே புரிந்தது. தறிக்கூடத்துக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனவர், ஒரு கோணிச் சாக்கை இழுத்துக்கொண்டு வந்து கவிழ்த்தார். நூல், நூல், நூல். குருவி எடுத்த உத்தரவுகள் அத்தனையும். தினமும் ஜனம் போன பிறகு சாமி கூட்டைப் பிய்த்து எடுத்து, உதறி, மறுநாள் பொட்டலத்தில் மடித்துத் தந்திருக்கிறார். கூடு முடிந்தால் குருவி நூல் எடுப்பதை நிறுத்திவிடும். நிறுத்தினால் சாமிக்கு வேலை போய்விடும். ஆகையால் ஒரு ஜோடிக் குருவி நாலு மாசமாகக் குடியேற முடியாமல், விடிந்தால் மறுபடி முதல் நூலிலிருந்து கட்டிக்கொண்டிருந்தது. சாக்கின் அடியில் உடைந்த முட்டை ஓடுகள் இரண்டு கிடந்தன.

"காங்கேயத்துக்காரர் போர்வெல்லும், அவிநாசிக்காரர் மருமகளும், நான் குஞ்சு இறக்குனதும் எல்லாமே ஒரே நூலா?" என்றார் தம்பிதுரை. அவர் குரலில் கோபத்தைவிட அவமானம் அதிகம். இத்தனை நாள் தனக்கென்று தனி நூல் என்று நினைத்திருந்தார்.

அன்றைக்கு டிரைவருக்கு மனசிருந்தது. மத்தியான பஸ் வந்தது. குருவிச்சாமி அதில் ஏறினார். ஒரு கோனைக்கூட எடுத்துக்கொள்ள ஜனம் விடவில்லை. கண்டக்டர், "எங்க இறங்கணும் சாமி?" என்று கேட்டார். கேட்பதற்கு ஒரு குருவியும் பக்கத்தில் இல்லாததால் சாமிக்குப் பதில் தெரியவில்லை.

ஊர் திருந்திவிட்டதா? அவ்வளவு அவசரப்படாதீர்கள். மறுநாள் காலையிலேயே சுப்பண்ணன் கடைக்கு மூன்று கார்கள் வந்தன. குருவிக்கே மனசை மாற்றிய கம்மங்கூழ் எது, அதில் ஒரு சொம்பு கிடைக்குமா என்று கேட்டார்கள். "கூழு குடிக்கறதுக்குத்தானுங்க," என்றார் சுப்பண்ணன். அவர்கள் நம்பவில்லை.

கோமளா அப்போது அங்கே இல்லை. முதல் பஸ்ஸிலேயே கணவரோடு போய்விட்டாள். ஆஸ்பத்திரிக் காரிடாரில் சுந்தரராஜுலு வேட்டி நுனியைப் பிசைந்துகொண்டு இருபது நிமிஷம் உட்கார்ந்திருந்தார். பயம் போகவில்லை. ஆனால் பயத்தோடு உட்கார்ந்திருந்தார், ஓடிப்போகவில்லை. மறுநாள் கட்டுப் பிரித்ததும் கோமளா முதலில் பார்த்தது அவரைத்தான்.

"ஏனுங்க, இத்தனை நரைச்சுப்போச்சா உங்களுக்கு?"

"நீதான் பாக்கவே இல்ல," என்றார் அவர். சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஒரு மாசம் கழித்து இரண்டாவது கண்ணும் முடிந்தது. ஒரு மத்தியானம் இருவரும் அந்த மீட்டர் பெட்டிப் பக்கம் போனார்கள். யாரும் இல்லை. கயிறு அவிழ்ந்து கிடந்தது. பெட்டிக்குள்ளிருந்து கீச்கீச்சென்று சத்தம். மூன்று வாய்கள் திறந்து திறந்து மூடின. கூட்டில் சிவப்பும் வெள்ளையும் நீலமுமாக நூல்கள். ஒரு கோழி இறகு. முகக்கவசத்தின் நாடா ஒன்று, மறுபடியும் எங்கிருந்தோ.

சுந்தரராஜுலு கொஞ்சம் தயங்கினார். "மூணு குஞ்சு. இது நல்லதுக்கா கெட்டதுக்கா கோமளா?"

"குருவிக்கு நல்லதுங்க," என்றாள் கோமளா. "நமக்கு ஒண்ணுமில்ல. தறி நின்னு கெடக்குது, வாங்க."

அவர்கள் போன பிறகு தாய்க்குருவி சுவரில் வந்து இறங்கியது. கீழே இன்னும் சாமியின் கஞ்சி நூல் கிடந்தது. ஒன்றைக் கொத்திப் பார்த்தது. ஆகாது என்று போட்டுவிட்டது. இன்னொன்றைக் கொத்திப் பார்த்தது. அதையும் போட்டுவிட்டது. நாலு மாசம், நூற்றுப் பதினேழு கார், லட்சம் பேர் பார்த்த வீடியோ. அத்தனை பேரில், கோமளாவின் விரல் வருகிற வரைக்கும், சோதித்துப் பார்த்து எடுத்தது அந்தக் குருவி ஒன்றுதான். இனி யாராவது உங்களிடம் தொடாதே, தீட்டு என்று சொன்னால், முதலில் அதைத் தொட்டுப் பாருங்கள். குருவிக்கு இருக்கிற அறிவு நமக்கும் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள வேறு வழி இல்லை.